கோலாலம்பூரில் கார் ஏர்கான் கேஸ்: எந்தச் சேவைக்குக் காசு கொடுக்கலாம்?

ஜாலான் ஈப்போ, செகாம்புட், செராஸ், பழைய கிள்ளான் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் கார் ஏர்கான் கடைக்குப் பஞ்சமில்லை. பலகையில் எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: கேஸ் டாப் அப், சர்வீஸ், கூலிங் காயில் கழுவுதல். உள்ளே நடக்கும் வேலைதான் கடைக்குக் கடை வேறு. ‘கேஸ் அடிப்பது’ என்ற ஒரே பெயரில் பத்து நிமிட வேலையும் விற்கிறது, ஒன்றரை மணி நேர வேலையும் விற்கிறது. தனித்தனிக் கடைக்கு நட்சத்திரம் போடும் வேலையை இங்கே செய்யப்போவதில்லை. இந்த ஊரில் காசு கொடுத்தால் கிடைக்கும் சேவை வகைகளை எடுத்து, எதில் என்ன கிடைக்கிறது, எதில் கம்ப்ரசர் போகும் என்று பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தராசு இல்லாத கடையில் கேஸ் அடிக்க வேண்டாம். சுவரில் எத்தனை மீட்டர் தொங்கினாலும் சரி.

மீட்டர் பார்த்து டாப் அப்

நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும் சேவை இது. காரை நிறுத்தியதும் பானட்டைத் திறந்து, நீலக் குழாயையும் சிவப்புக் குழாயையும் மாட்டி, “கேஸ் கம்மியா இருக்கு அண்ணே, கொஞ்சம் ஏத்திடலாம்” என்பார்கள். முள் ஏறும், காற்று குளிரும், காசு கைமாறும். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கடை வாசல்.

ஏர்கான் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், சூட்டை வெளியே விடும் கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸை விரியவிடும் எக்ஸ்பேன்ஷன் வால்வு, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என்று மூடிய வட்டத்துக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் குழாய் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் கசிவது இயல்பு. ஒரே கூலிங் காயில் உள்ள புதிய காருக்கு ஐரோப்பிய விதிமுறை அனுமதிக்கும் உச்சமே வருடத்துக்கு 40 கிராம். நல்ல நிலையில் உள்ள கார் மூன்று, நான்கு வருடம் கேஸ் பக்கமே போகாமல் ஓட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேஸ் கேட்கும் காரில் ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றும் கடை, அடுத்த வருகைக்கும் சேர்த்தே இன்று ரசீது எழுதுகிறது.

அடுத்த சிக்கல் மீட்டர். எஞ்சினை நிறுத்தி வைத்து மீட்டரில் பார்க்கும் அழுத்தம் உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைச் சொல்லவே சொல்லாது. பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ் கொஞ்சமாவது திரவமாக மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றே. 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), 33 டிகிரியில் 107, 35 டிகிரியில் 114. 400 கிராம் இருக்க வேண்டிய காரில் 200 கிராம்தான் மிச்சம் என்றாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். “பாருங்க, 100 இருக்கு, கேஸ் நல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்குக் காட்டியது அன்றைய வெயிலை.

இதே கணக்கை வேறு ஒன்றுக்குப் பயன்படுத்தலாம். இரவெல்லாம் நின்று ஆறிய காரில், காலை 28 டிகிரியில், முள் 91 பிஎஸ்ஐ அருகே இருக்க வேண்டும். 105, 110 என்று காட்டினால் உள்ளே காற்றோ வேறு ஏதாவது கேஸோ கலந்திருக்கிறது. முன்பு கேஸ் அடித்தவர் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றாமல் திருகியிருந்தால் நடப்பது இதுதான்.

எஞ்சின் ஓடும்போதும் மீட்டர் முழு உண்மையைச் சொல்லாது. நல்ல காரில் தாழ்பக்கம் (நீலக் குழாய் காட்டும் அழுத்தம்) 25 முதல் 45 பிஎஸ்ஐக்குள்ளும், கோலாலம்பூர் வெயிலில் உயர்பக்கம் (சிவப்புக் குழாய் காட்டுவது) 200 முதல் 240 அருகிலும் இருக்கும். ஆனால் வேரியபிள் வகைக் கம்ப்ரசர் உள்ள கார்களில், கேஸ் குறையக் குறைய கம்ப்ரசர் தன் தள்ளும் அளவைக் குறைத்துக்கொண்டு தாழ்பக்க அழுத்தத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். கேஸ் நன்றாகக் கீழே போன பிறகுதான் முள் அசையும். கேஸை அளவுக்கு மேல் ஏற்றினாலும் அப்படித்தான், முள் உடனே காட்டாது. டிரையர் கொஞ்சத்தை உள்வாங்கி மறைத்துவிடும். மிச்சம் கண்டென்சரின் அடிக் குழாய்களில் திரவமாகத் தேங்கும். வெப்பத்தை வெளியே விட இருக்கும் பரப்பு சுருங்கும், உயர்பக்கம் ஏறும்.

இப்படிக் கேஸ் அதிகமாகி, காலையில் கடை நிழலில் ‘ஜில்’ என்று இருந்த கார், மதியம் எம்ஆர்ஆர்2 நெரிசலில் நின்றால் 300 பிஎஸ்ஐயைத் தாண்டும். 400க்கு மேல் போனால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். சற்று ஆறியதும் திரும்ப ஓடும், மறுபடி நிற்கும். ஓட்டுபவர் நினைப்பது ‘கேஸ் பத்தவில்லை’. கடைக்காரரும் அதையே நினைத்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். கூலிங் காயிலில் ஆவியாக முடியாத திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும்போது வால்வுத் தகடு உடைகிறது. கேஸ் போதாமல் ஓடிக் கெட்ட கம்ப்ரசருக்கு இருக்கும் அதே பில் இதற்கும் உண்டு. கேஸ் குறைந்தால் எண்ணெயைச் சுற்றிக் கொண்டுவர ஆளில்லாமல் கம்ப்ரசர் வறண்டு தேயும் என்பதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மதிப்பெண்: ஊருக்குப் போகும் வழியில் குழந்தைகளோடு மாட்டிக்கொண்டால் அன்றைய நாளுக்கு ஒப்பேற்றலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கேஸை வெளியே எடுத்து எடை போட்டு அடிப்பது

காசு ஏறக்குறைய இரண்டு மடங்கு, நேரம் ஒரு மணிக்கு மேல். இந்தச் சேவைக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கச் சொல்வோம். ஆனால் ஒவ்வொரு படியையும் கண்ணால் பாருங்கள்.

பானட்டுக்கு அடியிலோ ரேடியேட்டர் மேல் தகட்டிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம், எந்த எண்ணெய் என்று அதில் எழுதியிருக்கும். சின்ன ஹேட்ச்பேக் கார்களுக்குப் பொதுவாக 350 முதல் 450 கிராம், செடான்களுக்கு 450 முதல் 600, பின்வரிசைக்கும் தனி ஏர்கான் உள்ள எம்பிவிகளுக்கு 800க்கு மேலும் போகும். ஒரே மாடலிலேயே தலைமுறைக்குத் தலைமுறை அளவு மாறுவதால் ‘இந்த வண்டிக்கு இவ்வளவு’ என்ற மனப்பாடம் உதவாது. விபத்தில் முன்பக்கம் மாற்றிய காரில் ஸ்டிக்கர் போயிருக்கும். அப்போது சேஸிஸ் எண் கொடுத்து விற்பனை நிறுவனத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

முதல் வேலை, உள்ளே இருப்பதை மெஷின் உறிஞ்சி எடுத்து எடை காட்டுவது. அந்த எண்ணைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். 450 இருக்க வேண்டிய இடத்தில் 410 வந்தால் வருடக்கணக்கில் கசிந்த இயல்பான இழப்பு. 180தான் வந்தது என்றால் இன்று கேஸ் அடிக்கும் நாள் இல்லை, ஓட்டை தேடும் நாள். 600 வந்தால் போன கடை என்ன செய்தது என்று தெரிந்துவிடும். கேஸோடு வந்த எண்ணெய் பக்கத்துப் பாட்டிலில் தனியாக இறங்கும். அதே அளவு புதிய எண்ணெய் திரும்ப உள்ளே போக வேண்டும். எண்ணெய் கறுப்பாகவோ வெள்ளிப் பொடி மினுங்கியோ வந்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்கிறது. அந்த நிலையில் புது கேஸ் வீண்.

அடுத்து வேக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருப்பதை முழுக்க உறிஞ்சி வெற்றிடமாக்குவது. உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக இழுப்பதுதான் இதன் முக்கிய நோக்கம். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் மீட்டர் 28.7 அங்குல வேக்கத்தைத் தாண்ட வேண்டும். எண்ணெய் மாற்றாத பழைய பம்ப் 27 அங்குலத்தில் நின்றுவிடும். அரை நாள் ஓடினாலும் அந்த ஈரம் போகாது. 29 அங்குலத்தைத் தாண்டிக் குறைந்தது 30 நிமிடம் ஓட வேண்டும். சிஸ்டத்தைத் திறந்து பாகம் மாற்றியிருந்தால் 45 நிமிடமாவது வேண்டும். நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரத்துக்கு இதில் சலுகை கிடையாது. மிச்சமாகும் ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும்: பத்து நிமிடம் குளிரும், பிறகு காற்று மட்டும் வரும், நிறுத்தி ஆறவைத்தால் மறுபடி குளிரும். அதே ஈரம் கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கவும் செய்கிறது.

பம்பை நிறுத்தி 10, 15 நிமிடம் முள்ளைக் கவனிப்பார்கள். முள் இறங்கினால் பெரும்பாலும் ஓட்டைதான். இறங்காவிட்டால் ஓட்டை இல்லை என்று அர்த்தமாகாது. வேக்கத்தின்போது வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐதான். ஓடும்போது உள்ளிருந்து தள்ளுவது 200க்கு மேல். வேக்கத்தில் உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும் ஓ-ரிங், அழுத்தம் வந்ததும் விட்டுவிடும். சந்தேகம் இருந்தால் நைட்ரஜன் ஏற்றி 150 பிஎஸ்ஐயில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை மாட்ட வருபவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். அந்தக் காற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது.

கடைசியில் எடை போட்டு கேஸ். நல்ல ஆட்டோமேட்டிக் மெஷின் 15 கிராம் துல்லியத்தில் அடிக்கும். 350 கிராம் காருக்கு 50 கிராம் தவறினாலே ஏழில் ஒரு பங்கு. சின்ன காருக்குத்தான் தராசு அதிகம் தேவை, நடப்பது என்னவோ நேர்மாறு: ‘சின்ன வண்டிதானே’ என்று கண் அளவில் அடிப்பார்கள்.

மெஷின் இருந்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதை மாற்றாவிட்டால் முந்தைய காரின் அழுக்கும் ஈரமும் உங்கள் காருக்குள் வரும். கேஸ் என்ன வகை என்று பார்க்காமல் எல்லாக் காரிலிருந்தும் உறிஞ்சும் கடையில் டாங்கியே கலப்படமாகிவிடும். மாறாக, மெஷின் இல்லாமல் இரண்டு மீட்டர், ஒரு நல்ல வேக்கம் பம்ப், கேஸ் தோம்பு (சிலிண்டர்) வைக்க ஒரு டிஜிட்டல் தராசு, பழைய கேஸைப் பிடிக்கத் தனிச் சிலிண்டர் வைத்திருக்கும் சின்னக் கடை இதே தரத்தில் வேலை செய்ய முடியும். செந்தூல் பக்கம் ஒற்றைக் கதவுக் கடையில் அப்படி வேலை செய்யும் தவுக்கேயை, பளபளக்கும் மெஷின் முன்னால் கைப்பேசி பார்த்துக்கொண்டு நிற்கும் பையனைவிட நம்பலாம்.

பழைய கேஸை ‘புஸ்’ என்று காற்றில் திறந்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆர்134ஏ ஓசோனைத் தொடாது. 1987 மொன்ட்ரியல் ஒப்பந்தத்தால் ஓரங்கட்டப்பட்ட, ஓசோனை அரிக்கும் பழைய கேஸான ஆர்12க்கு மாற்றாக வந்தது அதனால்தான். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல் சுமார் 1,430 மடங்கு. 400 கிராமைத் திறந்துவிடுவது 570 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இதையும் இந்த ஊரில் மதிப்பெண் போடும் விஷயமாக வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டை தேடுவது

ஒரு கடையை உண்மையில் தரம் பிரிப்பது இந்த வேலைதான். சோப்புத் தண்ணீர் பெரிய ஓட்டைக்கு மட்டும் உதவும். எண்ணெயோடு கலந்து சாயம் செலுத்தி, ஒன்றிரண்டு வாரம் ஓட்டிவிட்டு, யூவி விளக்கில் பார்த்தால் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். மூக்கு மாதிரி மோந்து பார்க்கும் எலக்ட்ரானிக் கருவி கூலிங் காயிலுக்கு ஏற்றது. புளோவரை நிறுத்திக் கொஞ்சம் பொறுத்து, தண்ணீர் சொட்டும் டிரெய்ன் குழாய் வாயில் வைத்தால், டேஷ்போர்டைப் பிரிக்காமலே காயில் கசிகிறதா என்று தெரிந்துவிடும். ஆர்134ஏ காற்றைவிடக் கனம் என்பதால் கருவியை இணைப்பின் அடிப்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும்.

தேட வேண்டிய இடங்களில் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். மீட்டர் மாட்டும் வாயில் டயர் வால்வு போன்ற ஒரு குச்சி இருக்கிறது. கசிவுக்கு அதுவே அடிக்கடி காரணம், விலை சில வெள்ளி. அதன் மேல் பிளாஸ்டிக் மூடியும் ஒரு சீல்தான், தொலைத்துவிட்டு ஓட்டக் கூடாது. பிறகு குழாய் இணைப்புகளின் ஓ-ரிங். அதற்கு அடுத்து கண்டென்சர்: காரின் முன் வாயில் நிற்பதால் நெடுஞ்சாலைக் கல் எல்லாம் அதன் மேல்தான் படும். கம்ப்ரசர் கிளட்ச் முகத்தில் வட்டமாக எண்ணெய் தெறித்திருந்தால் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது.

எங்கு எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஈரப்பிசுக்காக ஒட்டியிருக்கிறதோ அங்கே கை வையுங்கள். கேஸ் போகும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் கூடவே போகும்.

பாகம் மாற்றினால் எண்ணெய்க் கணக்கும் மாறும். புதுக் கண்டென்சருக்குச் சுமார் 30 முதல் 40 மில்லி, கூலிங் காயிலுக்கு 40 முதல் 50, டிரையருக்கு 10 முதல் 20. புதுக் கம்ப்ரசர் பெரும்பாலும் எண்ணெயோடு வரும், அதை அப்படியே மாட்டினால் முழு சிஸ்டத்திலும் எண்ணெய் அதிகமாகிக் குளிர்ச்சி குறையும். பழையதிலிருந்து எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு மட்டும் வைத்து மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். ஆர்134ஏ கார்களில் பொதுவாகப் பயன்படும் பிஏஜி வகை கம்ப்ரசர் எண்ணெயில் 46, 100, 150 என்று தடிமன் வேறு வேறு. ஸ்டிக்கரில் உள்ளதையே கேளுங்கள். திறந்து வைத்த டப்பா காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும், அதனால் அலமாரியில் பாதி டப்பா இருந்தால் வேண்டாம்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்கு ஒரு கண்டிப்பு: அவற்றின் ஏர்கான் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது, பெரும்பாலும் பிஓஇ என்ற வேறு வகை எண்ணெய் கேட்பது. குழாயில் ஒட்டியிருக்கும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் போனாலே மின்காப்பு கெட்டு, கார் பிழைக் குறியீடு காட்டி நின்றுவிடும். அந்தக் காருக்கென்று தனிக் குழாய் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் பானட்டைத் திறக்க விட வேண்டும்.

கூலிங் காயில் கழுவுதல்

இதில் இரண்டு வகை விற்கிறார்கள். டேஷ்போர்டைப் பிரிக்காமல், கேபின் ஃபில்டர் வாய் வழியாகவோ புளோவர் வழியாகவோ நுரை அடித்துக் கழுவுவது ஒன்று. வாடைக்கு இது போதும். சின்னக் கேமராவை உள்ளே விட்டு முன்னும் பின்னும் படம் காட்டும் கடைக்குக் கூடுதல் மதிப்பெண். ஆனால் காயில் முகத்தில் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தால் நுரை அதை நனைத்து இன்னும் கெட்டியாக்கிவிடும். கேபின் ஃபில்டரே இல்லாத பழைய உள்ளூர்க் கார்களில் இது சகஜம்.

மற்றது டேஷ்போர்டை இறக்கி, காயிலை வெளியே எடுப்பது. அரை நாள் வேலை, சில நூறு வெள்ளி. கேஸ் வட்டம் திறக்கப்படுவதால் ஓ-ரிங்குகளும் டிரையரும் புதிதாக வேண்டும். எக்ஸ்பேன்ஷன் வால்வையும் அப்போதே மாற்றுவது சரி, அதற்காக இன்னொரு முறை இதே கூலியைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. உடைந்த கிளிப், கிறீச் சத்தம், ஏர்பேக் விளக்கு ஆகியவை இந்த வேலையின் பக்க விளைவுகள். பேட்டரி வயரைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே ஏர்பேக் பக்கம் கை வைக்கிறார்களா என்று பாருங்கள். வருடாவருடம் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேபின் ஃபில்டரை ஒழுங்காக மாற்றும் காருக்கு இது பல வருடத்துக்குத் தேவைப்படாது.

கடையில் விற்கும் டின்

கார் உதிரிப்பாகக் கடையிலும் இணையத்திலும் மீட்டரோடு விற்கும் சின்ன ஆர்134ஏ டின் மலிவு. முன்னே சொன்ன எல்லாக் குறையும் இதற்கும் உண்டு, கூடவே தாழ்பக்கம் மட்டும் காட்டும் ஒற்றை மீட்டர். தாழ்பக்க வாய் 13 மில்லிமீட்டர், உயர்பக்கம் 16 என்பதால் பொதுவாக மாறி மாட்ட முடியாது. அடாப்டர் வைத்து உயர்பக்கத்தில் வலுக்கட்டாயமாக மாட்டினால் டின் வெடிக்கலாம். ‘ஓட்டை அடைக்கும்’ மருந்து கலந்த டின் எதுவானாலும் தவிருங்கள். ஓட்டையை அடைப்பதோடு எக்ஸ்பேன்ஷன் வால்வையும் அடைக்கும், அடுத்த கடையின் மெஷினையும் கெடுக்கும். விவரம் தெரிந்த கடை அந்தக் காரைத் தொடாது.

தோம்பிலேயே கலப்படம் இருக்கலாம் என்பதும் கற்பனை இல்லை. 2011இல் ஆர்134ஏ என்று போலியாக நிரப்பிய, மெத்தில் குளோரைடு கலந்த கேஸால் குளிர்பதனக் கப்பல் கொள்கலன்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். அந்த ரசாயனம் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். தீப்பிடிக்கும் ஹைட்ரோகார்பன் கேஸைச் சொல்லாமலே அடிப்பவர்களும் உண்டு. அது நன்றாகவே குளிரும் என்பதுதான் சிக்கல். 13.6 கிலோ தோம்பைக் காட்டச் சொல்லிப் பெயரைப் படித்துவிட்டு அடிக்க விடுங்கள்.

புதிய ஐரோப்பியக் கார்களில் ஆர்1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் இருக்கும். விலை பல மடங்கு, வாயின் அளவும் வேறு. ‘அடாப்டர் போட்டு 134ஏ அடிச்சிடலாம்’ என்ற யோசனைக்குத் தலையாட்ட வேண்டாம்.

கேஸே காரணம் இல்லாதபோது

கடைக்குப் போகுமுன் காரே பாதி பதில் சொல்லிவிடும். எல்டிபி நெரிசலில் சூடு, காஜாங் தாண்டி நெடுஞ்சாலையில் ஜில் என்றால் கண்டென்சர் ஃபேனையும் கண்டென்சரையும் பாருங்கள். ஏர்கானைப் போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினாலும் வேகம் குறைந்த பழைய மோட்டார் நம் வெயிலுக்குத் தாங்காது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைத்த இலைதழையைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால், முடிந்தால் பின்புறமிருந்து முன்னால், கழுவினாலே உயர்பக்கம் கணிசமாக இறங்கும். பிரஷர் ஜெட் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு காற்றின் வேகம் குறைந்து, நிறுத்திய பின் கீழே நிறையத் தண்ணீர் கொட்டினால் காயில் உறைந்திருக்கிறது: குளிரை அளக்கும் தெர்மிஸ்டர் கெட்டிருக்கலாம், கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். சூடேறியதும் ‘டக்’ சத்தம் இல்லாமல் கம்ப்ரசர் ஓடாமலே இருந்து, ஆறியதும் ஓடினால் கிளட்ச் இடைவெளி அகன்றிருக்கும். பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தேய்ந்து அகன்றால் சூடான காந்தச் சுருளால் தட்டை இழுக்க முடியாது. உள்ளே ஒரு ஷிம் தகட்டை எடுத்தால் சரியாகும் வேலைக்குப் புதுக் கம்ப்ரசர் விற்கப்படுவதுண்டு. மீட்டரில் தாழ்பக்கம் அதிகம், உயர்பக்கம் குறைவு என்று இரண்டு முள்ளும் நெருங்கி நின்றால் மட்டும் கம்ப்ரசரைச் சந்தேகியுங்கள். தரைக்கம்பளம் நனைந்து, காருக்கு அடியில் தண்ணீரே சொட்டாவிட்டால் டிரெய்ன் குழாய் அடைப்பு. காற்றை ஊதினால் தீரும்.

வேலை முடிந்ததும் கையை வைத்துக் குளிரைப் பார்க்காதீர்கள். சமையலறைக் குச்சி வெப்பமானியை நடு வாயில் செருகி, ரீசர்க்குலேஷனில், புளோவர் முழு வேகத்தில், எஞ்சின் 1,500 சுற்றில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். வெளியே 33 டிகிரி இருக்கும்போது 6 முதல் 10 டிகிரிக்குள் வந்தால் வேலை சரி. ஐடிலில் இரண்டு மூன்று டிகிரி கூடலாம்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவுமில்லை. கேபின் ஃபில்டரை 10,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். வெயிலில் நின்ற காரில் முதல் ஒரு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ரீசர்க்குலேஷனுக்கு மாறுங்கள். நீண்ட பயணத்தில் இடையிடையே வெளிக்காற்றையும் விடுங்கள், தூக்கம் வராது. வீடு சேர மூன்று நிமிடம் இருக்கும்போது ஏர்கானை அணைத்துப் புளோவரை மட்டும் ஓடவிட்டால் காயில் காயும், வாடை வராது. கண்ணாடிக்கு டின்ட் போடுவது நல்ல முதலீடு. ஆனால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதிப்படி முன் கண்ணாடி 70 விழுக்காடு, முன் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியை விட வேண்டும்.

ரசீதில் ‘ஏர்கான் சர்வீஸ்’ என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எடுத்தது எத்தனை கிராம், அடித்தது எத்தனை கிராம், எண்ணெய் எத்தனை மில்லி, வேக்கம் எத்தனை நிமிடம், நடு வாயில் எத்தனை டிகிரி, சாயம் சேர்த்தார்களா என்று எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து வேறு கடையில் கேஸை வெளியே எடுக்கும்போது, இன்று அடித்த எடையிலிருந்து அன்று வந்த எடையைக் கழித்து ஆறால் வகுத்தால், மாதத்துக்கு எத்தனை கிராம் ஒழுகுகிறது என்று வரும். 3 கிராம் என்றால் விட்டுவிடலாம். 30 என்றால் யூவி விளக்கை எடுக்கச் சொல்லுங்கள்.